அடிபடாததையும் எழுதச் சொன்ன அண்ணாச்சிக்கு

அண்ணாச்சி,

இன்று காலை இங்கே எலுமிச்சை வேகும் அண்டாவில், மூடியை ஆவி கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட் கருகியது. நான் இப்போது புளியங்குடியில் ஓர் ஊறுகாய்க் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். தோலின் கசப்பு வாசனையை மீறிக்கொண்டு ரப்பர் கருகும் நாற்றம் ஆபீஸ் அறைக்குள் வந்ததும், கையிலிருந்த பேனாவைப் போட்டுவிட்டு வெளியே ஓடினேன். வாசல் வேப்பமரத்தடிக்கு வந்தபிறகுதான் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் யாரும் ஓடிவரவில்லை. பாய்லர்க்காரர் ஆவியை அடைத்துவிட்டுச் சாவகாசமாக ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தார். பாட்டில்களுக்கு மூடி போடும் பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேசைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, என்ன கருகியது, எத்தனை மணிக்கு, யார் பக்கத்தில் நின்றார்கள் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். அதன்பிறகும் பேனாவை மூட மனம் வரவில்லை. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களை எனக்குப் பிடிக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இறந்துபோனவர்களைப் பற்றி எழுத ஆரம்பித்தால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள். உங்களை அப்படி ஆக்கினால் நீங்களே ஏசுவீர்கள். உங்கள் கை உங்கள் வாய்க்கு முந்தியது. விறகுக் கொட்டகைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான் என்பதற்காக ஒரு லாரி டிரைவரின் தாடையைப் பெயர்த்தவர் நீங்கள். பாய்லர் பக்கம் பீடியோடு வந்த எலக்ட்ரீஷியனை நெஞ்சில் மிதித்துத் தள்ளினீர்கள். பனவடலிசத்திரத்திலிருந்து வரும் முதல் பஸ்ஸில் நீங்கள் இறங்கி நடந்து வருவதைப் பார்த்தாலே வாசலில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் கலைந்து போவார்கள். நானும் வருகைப் பதிவேட்டை உங்கள் பக்கம் தள்ளிவிட்டு வேறெங்காவது பார்ப்பேன்.

நாம் வேலை பார்த்த அந்த சென்ட்ரல் கிச்சனைப் பார்த்தவர்கள் அதைச் சமையல் செய்யும் இடம் என்று நம்பமாட்டார்கள். சங்கரன்கோவிலை விட்டு ராஜபாளையம் சாலையில் கொஞ்சதூரம் போனால் தகரக் கூரை போட்ட ஒரு பெரிய கொட்டகை, அதன் பின்னால் உங்கள் பாய்லரும் புகைபோக்கியும். மில் ஹாஸ்டல்களுக்கும் காலேஜ் ஹாஸ்டல்களுக்கும் மூன்று வேளைச் சாப்பாடு அங்கிருந்துதான் போனது. அரிசியும் சாம்பாரும் வேகும் கெட்டில்கள் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உள்ளே உட்காரலாம் என்கிற அளவு. இரண்டு சுவர் வைத்த எவர்சில்வர் அண்டா. சுவர்களுக்கு நடுவில் உங்கள் பாய்லரிலிருந்து வரும் ஆவி. சோறு ஆக்குகிற இடம்தானே என்று நினைத்துத்தான் அத்தனை பெண்களும் வேலைக்கு வந்தார்கள். அது தொழிற்சாலை என்பது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும். உங்களுக்கு பாய்லர் சர்டிபிகேட் இருந்ததால் தெரியும். எனக்கு, டைம் ஆபீஸில் உட்கார்ந்து வருஷா வருஷம் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் படிவங்களை நிரப்பி அனுப்பியதால் தெரியும்.

பேச்சியம்மாளின் கை போனது ஒரு திங்கட்கிழமை காலை. இளையரசனேந்தல் பெண். சப்பாத்தி மாவு பிசையும் மெஷினில் நின்றாள். மூடியைத் திறந்தால் நின்றுவிட வேண்டிய மெஷின் அது. அன்று திறந்தபடியே ஓடிக்கொண்டிருந்தது. நான் பதிவேட்டில் ஆப்சென்ட் போட்டுக்கொண்டிருந்தபோது அலறல் கேட்டது. மனுஷக் குரல் என்று தோன்றவில்லை. ஓடிப் போனபோது அவள் மெஷினின் விளிம்பில் நெஞ்சு அழுந்தக் குனிந்திருந்தாள். உள்ளே சுழலும் இரும்புக் கை அவளுடைய வலது கையை முழங்கைவரை சுற்றி இழுத்திருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணாடி வளையல் நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. மாவு சிவந்துகொண்டே வந்தது. யாரோ சிவப்புப் பொத்தானைத் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டிருந்தார்கள், மெஷின் நிற்கவில்லை.

நீங்கள் பாய்லரிலிருந்து தீ வாரும் கம்பியோடு வந்தீர்கள். வழியில் உறைந்து நின்ற ஒருவனை முழங்கையால் இடித்துக் கீழே தள்ளினீர்கள். சுவரில் இருந்த ஸ்விட்ச் பெட்டியைக் கம்பியால் ஓங்கி அடித்தீர்கள். மூன்றாவது அடியில் நீலமாகப் பொறி பறந்து மெஷின் நின்றது. உங்கள் முன்கை முடி கருகிய வாசனை வந்தது. அதன்பிறகுதான் கொடுமை. சிக்கிய கையை எடுக்க அந்த இரும்பை எதிர்ப்பக்கம் சுற்றியாக வேண்டும். நீங்கள் சுற்றினீர்கள். வலி தாங்காமல் அவள் உங்கள் தோளைக் கடித்தாள். கடித்த பல்லை எடுக்கவேயில்லை. நீங்களும் சுற்றுவதை நிறுத்தவில்லை. கை வெளியே வந்தபோது அது கையாக இல்லை.

மேனேஜர் கத்தவில்லை. அதுவரை அவர் ஒருநாளும் கத்தியதில்லை. தன் காரிலேயே பேச்சியைத் திருநெல்வேலியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மெஷினைக் கழுவச் சொன்னார். பிறகு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். வீட்டில் மாவு அரைக்கும்போது கை மாட்டிக்கொண்டது என்று அவள் கணவன் சொல்லுவதாக ஒரு கடிதம் எழுதும்படி மெதுவாகச் சொன்னார். அவனிடம் பேசியாகிவிட்டது, கையெழுத்துப் போட்டுவிடுவான் என்றார். ஆஸ்பத்திரி செலவு முழுக்கக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், ஆய்வாளர் வந்தால் கொட்டகையைப் பூட்டிவிடுவார், இத்தனை பெண்கள் எங்கே போவார்கள் என்றார். விபத்து அறிவிப்புப் படிவம் என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து அவர் சொன்னதை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருஷம், இரண்டு பெண் பிள்ளைகள். இந்தக் காரணத்தைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

மறுநாள் நீங்கள் டைம் ஆபீஸுக்குள் வந்தீர்கள். தோளில் மஞ்சள் மருந்து சட்டையைத் தாண்டித் தெரிந்தது.

“எழுதியாச்சா?”

நான் நகலை நீட்டினேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தீர்கள். உங்கள் உதடு அசைந்தது. படித்து முடித்ததும் என் மேசைக் கண்ணாடியில் குத்தினீர்கள். கண்ணாடி இரண்டாகி, உங்கள் விரல் முட்டிகளிலிருந்து ரத்தம் கடிதத்தின் மேல் சொட்டியது.

“கை போனது இங்கன உள்ள மெஷின்ல. வீட்டுலன்னு நீ எழுதிட்டா, நாளைக்கும் இது நல்ல மெஷின்தான். இன்னொருத்தி வந்து கைய விடுவா.”

அதற்குமேல் என்னோடு பேசவில்லை. நேரே மேனேஜரிடம் போனீர்கள். குளிர் அறையின் கதவில் அவரைச் சாத்தி, ஒற்றைக் கையால் கழுத்தைப் பிடித்துத் தூக்கியிருந்தீர்கள். அவருடைய செருப்புகள் தரையைத் தேடித் துழாவியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லோடு ஏற்றும் ஆட்கள் நான்கு பேர் வந்து உங்களைப் பிரித்து, விறகுக் குவியல் பக்கம் இழுத்துப் போனார்கள். அங்கே விறகும் இருந்தது, தண்ணீர் பைப்பும் இருந்தது. முதல் அடி விழுந்த சத்தம் ஈரமான மூட்டையைத் தரையில் போட்டதுபோல இருந்தது. நான் எழுந்து ஜன்னலைச் சாத்தினேன். அண்ணாச்சி, சத்தம் பொறுக்காமல் சாத்தினேன் என்று இத்தனை காலம் எனக்கு நானே சொல்லி வந்தேன். நீங்கள் தலையைத் தூக்கி என் ஜன்னல் பக்கம் பார்த்தீர்கள். அதனால்தான் சாத்தினேன்.

இரண்டு நாள் ஒரு கண் மூடி, உதடு வீங்கி, வாசலுக்கு வெளியே வந்து நின்றுவிட்டுப் போனீர்கள். மூன்றாம் நாள் அவர்களே உள்ளே கூப்பிட்டார்கள். சர்டிபிகேட் உள்ள வேறு பாய்லர் ஆள் கிடைக்கவில்லை. அடித்தவர்களும் நீங்களும் ஒரே குழாயில் தண்ணீர் குடித்ததைப் பார்த்து எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கு அது பெரிதாகவே படவில்லை. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. ஆய்வாளர் ஆபீஸ் விலாசமும் போன் நம்பரும் வேண்டும், நானே எழுதிப் போடுகிறேன் என்றீர்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். அந்த விலாசமும் நம்பரும் எனக்கு மனப்பாடம்.

அதற்குச் சில மாதம் கழித்து இரண்டாம் நம்பர் கெட்டிலின் கேஸ்கெட் பிய்த்துக்கொண்டு பறந்தது. எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்த நேரம். கொதிநீர் எதிர்ச்சுவர் முழுக்க அறைந்து, சுண்ணாம்பு உரிந்து விழுந்தது. யாருக்கும் ஒரு சொட்டுப் படவில்லை. பெண்கள் சாமியைக் கும்பிட்டுக்கொண்டார்கள். நீங்கள் நேரே என்னிடம் வந்து படிவம் கேட்டீர்கள். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லையே அண்ணாச்சி என்றேன்.

“ஆகாததயும் எழுதணும்னு சட்டத்துல இருக்கு. ஆன பெறவு எழுதுததுக்குப் பேரு எழவு சொல்லுதது” என்றீர்கள்.

அன்று நீங்கள் கோபப்படவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. ஒரு தரம் என் இழுப்பறையைப் பார்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். நீங்கள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். ஆவி நிரம்பிய பாத்திரம் வெடித்தால், யாரும் அடிபடாவிட்டாலும் அபாய நிகழ்வு என்று ஆய்வாளருக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். அதற்குத் தனிப் படிவமே இருக்கிறது. அதையும் நான் நிரப்பவில்லை.

அதன்பிறகு அந்த கெட்டிலின் சேப்டி வால்வு சீறத் தொடங்கியது. அழுத்தம் கூடினால் தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும் வால்வு. சீறினால் ஆவி வீண், விறகு வீண், சோறு வேகவும் தாமதம். மேனேஜர் அதைக் கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டச் சொன்னார். காலையில் நீங்கள் கம்பியை அறுத்தீர்கள். மத்தியானத்துக்குள் மறுபடி கட்டியிருந்தார்கள். மறுநாளும் அறுத்தீர்கள், மறுநாளும் கட்டினார்கள். கட்டிய ஆளின் விரலை ஒருநாள் பின்னால் மடக்கி ஒடித்தீர்கள். அவன் விரலில் துணி சுற்றிக்கொண்டு வந்து மறுபடி கட்டினான். அவனுக்கும் வேலை வேண்டுமே. பாய்லர் நோட்டில் தினமும் வால்வு சரியில்லை என்று எழுதினீர்கள். அந்தப் பக்கங்கள் கிழிக்கப்பட்டன. இத்தனைக்கும் நீங்கள் வேலையை விட்டுப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் போனால் ஒன்றும் தெரியாத ஒருவனைக் கொண்டுவந்து தீ முன்னால் நிறுத்திவிடுவார்கள் என்றீர்கள்.

சங்கரன்கோவில் திருவிழாவான ஆடித்தபசு வந்தது. ஊரே நிறைந்திருந்தது. வழக்கமான ஹாஸ்டல் சாப்பாட்டோடு அன்னதானப் பந்தல்களுக்கும் சேர்த்து ஆர்டர் எடுத்திருந்தார் மேனேஜர். எல்லா கெட்டில்களும் ஒரே நேரத்தில் ஏறின. காலை பத்து மணி இருக்கும். கூடுதல் நேரம் பார்க்கிறவர்களின் பெயரைக் குறிக்க நான் கொட்டகைக்குள் போயிருந்தேன். இரண்டாம் நம்பர் கெட்டிலின் பக்கத்தில் சுப்புத்தாய் நின்றாள். துடுப்பால் சோற்றைக் கிண்டுகிறவள், எங்கள் எல்லோரையும்விட ஒரு முழம் உயரம். யார் யார் கூடுதல் நேரம் நிற்கிறார்கள் என்று அவளிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது நீங்கள் பின்கதவு வழியாக ஓடிவந்தீர்கள். அழுத்தம் காட்டும் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். அடுத்த நொடி என் கன்னத்தில் உங்கள் கை விழுந்தது. கண் இருண்டுவிட்டது. என் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து வாசல்வரை தரையோடு இழுத்துக்கொண்டு போய் வெளியே எறிந்தீர்கள். நோட்டும் நானும் தனித்தனியாக விழுந்தோம். திரும்பி உள்ளே ஓடி, ஒரு துடுப்பை எடுத்துப் பெண்களை அடிக்கத் தொடங்கினீர்கள். முதுகில், காலில், எங்கே பட்டாலும் சரி என்று அடித்தீர்கள்.

“வெளிய போங்கட்டி! போங்கட்டி!”

உங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். சொல்லியிருந்தால், என்ன ஏது என்று கேட்டுக்கொண்டு நின்றிருப்பார்கள். அடித்ததால் ஓடினார்கள். சுப்புத்தாய் மட்டும் திருப்பி உங்கள் நெற்றியில் ஒன்று போட்டாள். ரத்தம் வழிய அவளையும் வயிற்றில் உதைத்து வாசலுக்கு வெளியே தள்ளினீர்கள். பிறகு ஆவிக்குழாயை அடைக்க கெட்டில் பக்கம் போனீர்கள். அந்த வீல் வால்வைப் பிடித்து நீங்கள் இரண்டு சுற்றுச் சுற்றியதைப் பார்த்தேன். மூன்றாவது சுற்றை நான் பார்க்கவில்லை.

சத்தம் கேட்டதாக எனக்கு நினைவில்லை. தரை என்னைத் தூக்கிப் போட்டது. வெள்ளையாக ஒரு சுவர் கொட்டகைக்குள்ளிருந்து வெளியே வந்து எங்கள் மேல் சாய்ந்தது. அது ஆவி என்று பிறகுதான் புரிந்தது. தகரக்கூரை பெயர்ந்து தொங்கியது. உத்தரத்தில் சோறு ஒட்டியிருந்தது. கதவருகில் நின்ற இரண்டு பெண்களுக்குக் கால் வெந்துவிட்டது. அவர்கள் அலறுவது தெரிந்தது, சத்தம் மட்டும் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல இருந்தது.

நீங்கள் நடந்து வந்தீர்கள். யாரும் தூக்கி வரவில்லை. சட்டை இல்லை. சட்டை என்று நான் நினைத்தது கைகளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, அது சட்டையில்லை. குழாயடிக்கு வந்து உட்கார்ந்தீர்கள். சுப்புத்தாய் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் பட்டதும் உங்கள் உடம்பு ஒருமுறை வில்லாக வளைந்தது. நான் பக்கத்தில் வந்தேன். முகத்தில் கண் மட்டும் உங்களுடையதாக இருந்தது.

“அந்தக் கம்பிய அறுத்துருவானுவ. இப்பமே போன் போடு. நான் செத்த பெறவு போடாத.”

ஆம்புலன்ஸ் உங்களை ஏற்றிக்கொண்டு வாசலைத் தாண்டுவதற்குள் மேனேஜர் கொட்டகையின் மறுபக்கம் நின்று லோடு ஆளிடம் இரும்பு அறுக்கும் ஹாக்ஸா பிளேடு கேட்டார். சிதறிய கெட்டிலின் மேல்பாகம் சுவரோரம் கிடந்தது. அதில் வால்வு இருந்தது. வால்வில் கட்டுக்கம்பி, கட்டியது கட்டியபடி. என்னைக் கூப்பிட்டு, பாய்லர் ஆள் குடித்திருந்தான் என்று எழுதத் தாள் எடு என்றார். வழக்கமான அதே குரல். சரி சார் என்றேன். டைம் ஆபீஸுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டேன்.

நம்பரைச் சுற்றும்போது விரல் இரண்டுமுறை தவறியது. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டால்தான் குரல் கேட்டது. எதிர்முனையில் எடுத்தவர் நிதானமாகக் கம்பெனி பெயரைக் கேட்டார். சொன்னேன். என்ன விபத்து என்று கேட்டார். சொன்னேன். ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்றார்.

“ஆளு இருக்காரு சார். அந்த வால்வு இன்னும் செத்த நேரத்துல இருக்காது. அத அறுக்கப் போறாங்க. கம்பிய வச்சு கட்டியிருக்கு, சார். நாங்கதான் கட்டுனோம்.”

காது இன்னும் அடைத்திருந்ததால் கதவை உடைக்கிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. கதவு அதிர்வதைப் பார்த்தேன். எதையும் தொடக்கூடாது, உடனே போலீஸுக்குச் சொல்கிறேன், நாங்களும் புறப்படுகிறோம் என்று அவர் சொல்லி முடிக்கும்போது கீல் பெயர்ந்தது. மேனேஜர் என் கையிலிருந்து ரிசீவரைப் பிடுங்கி அதாலேயே என் வாயில் அடித்தார். இத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்திய ஒரே நாள் அது. என்ன சொல்லிக் கத்தினார் என்று எனக்குத் தெரியாது. இரண்டு பல் கையில் விழுந்தது.

அதே நேரம் கொட்டகைக்குள் நடந்ததைப் பிறகு சொன்னார்கள். பிளேடோடு போன ஆள் வால்வின் மேல் கையை வைத்திருக்கிறான். சுப்புத்தாய் துடுப்பால் அவன் மணிக்கட்டில் அடித்தாளாம். எலும்பு முறிந்த சத்தம் வெளியே கேட்டதாம். அடுத்தவன் வந்தான், அவனுக்குத் தோளில். அதற்குள் இன்னும் நாலைந்து பெண்கள், வெந்துபோன சோற்றில் வழுக்கி வழுக்கி நடந்து வந்து, அந்த இரும்பைச் சுற்றி நின்றுவிட்டார்கள். கரண்டி, கத்தி, காய் நறுக்கும் அரிவாள்மணை, கைக்குக் கிடைத்ததை வைத்துக்கொண்டு நின்றார்கள். உங்களிடம் அடிவாங்கிய தடம் அவர்கள் முதுகில் இன்னும் சிவந்திருந்தது. போலீஸ் வரும்வரை ஒருத்தியும் நகரவில்லை. மூன்று மணிக்கு ஆய்வாளர் வந்து அந்தக் கம்பியைப் படம் எடுத்து, அளந்து, பையில் போட்டு முத்திரை வைத்தார்.

நீங்கள் மூன்றாம் நாள் காலை திருநெல்வேலி அரசு ஆஸ்பத்திரியில் இறந்துபோனீர்கள். நான் வந்திருந்தேன். உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உங்கள் மனைவி உட்கார்ந்திருந்தார். என் வீங்கிய வாயைப் பார்த்துவிட்டு, உங்களைப் பற்றி ஒன்று கேட்டார்.

“உன்னய அடிச்சாராமே?”

ஆமாம் என்றேன்.

“என்னயும் அடிப்பாரு” என்றார்.

உங்கள் உடம்பு வெளியே வரும்வரை இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன். அவர் அழவில்லை. அதில் எனக்கு ஒரு தீர்ப்பும் இல்லை அண்ணாச்சி.

வழக்கு நடக்கிறது. மேனேஜர் கொஞ்சநாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்தார். கொட்டகையைப் பூட்டினார்கள். மேனேஜர் பயமுறுத்தியபடியே பெண்களுக்கு வேலை போனது. பாதிப்பேர் என்னிடம் இப்போதும் பேசுவதில்லை. பஸ்ஸில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சுப்புத்தாய் மீது கையை ஒடித்ததாக ஒரு புகார் இருக்கிறது. அவள் வாய்தாவுக்கு வந்துவிட்டு, அங்கிருந்தே ஒரு ஹோட்டலுக்கு மாவாட்டப் போகிறாள்.

ஆய்வாளர் என்னிடம் வாக்குமூலம் வாங்கும்போது, இதற்குமுன் அங்கே விபத்து ஏதாவது நடந்ததுண்டா என்று கேட்டார். அவர் கேட்டது வழக்கமான கேள்வி, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார். உண்டு, நான்தான் மறைத்துப் பொய் எழுதினேன் என்றேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சம்பந்தப்பட்ட பெண்ணின் வாக்குமூலமும் வேண்டும் என்றார்.

இளையரசனேந்தலுக்கு பஸ் ஏறினேன். பேச்சி வீட்டு முற்றத்தில் உளுந்து காய்ந்துகொண்டிருந்தது. இடது கையால் அதைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை முழங்கைக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிட்டது. சட்டைக் கையை மடித்து ஊக்குப் போட்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்து வந்தாள். வந்த வேகத்திலேயே இடது கையால் அறைந்தாள். பழக்கமில்லாத கை. அடி தாடையில் பட்டது. மறுபடி அறைந்தாள். நான் நின்றேன். மூன்றாவது தடவை கையை ஓங்கியவள், உளுந்தைக் கோழி கொத்துவதைப் பார்த்து, அதை விரட்டப் போய்விட்டாள். திரும்பி வரும்போது ஒரு முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

நீங்கள் செத்தது அவளுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் தோளில் தான் கடித்த காயம் ஆறிவிட்டதா என்று கேட்டாள். தழும்பு இருந்தது என்றேன். உளுந்தை இன்னொரு தரம் கிளறிவிட்டாள். பிறகு, எழுதுங்க என்றாள்.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை மணி, யார் யார் நின்றார்கள், எந்தப் பொத்தான் வேலை செய்யவில்லை, எத்தனை சுற்று. நான் எழுதிய அந்த முதல் கடிதம் நாலு வரி. இது மூன்று பக்கத்துக்குப் போனது. முடிந்துவிட்டது என்று நினைத்து, ரேகை வைக்க மை டப்பாவைத் திறந்தேன். அவள் கையை நீட்டவில்லை.

“இன்னும் ஒண்ணு இருக்கு யக்கா. மூடி தொறந்தா மெஷின் நின்னுருமில்லா, அந்த ஸ்விட்ச்சுல ஒரு குச்சிய வச்சு அமுக்கிக் கட்டுனது நாந்தான். மேனேஜரு பக்கத்துல நின்னு கட்டச் சொன்னாரு. கட்டுனது அந்தக் கைதான். அதயும் எழுதுங்க.”

வேண்டாம் பேச்சி, இது உனக்கு எதிராகத் திரும்பும், நஷ்டஈட்டைக்கூடப் பாதிக்கும் என்றேன். நானும் அந்த மேனேஜரைப் போலவே மெதுவாகத்தான் சொன்னேன்.

“திரும்பட்டும். நடந்தது அதான?” என்றாள்.

எழுதினேன். அவள் தன் இடது கையின் பெருவிரலை மையில் தோய்த்து, அந்த வரிக்குக் கீழே அழுத்தி வைத்தாள்.

இங்கே புளியங்குடியிலும் அதே வேலைதான் எனக்கு. யாருக்காவது கை சுட்டாலும், விரல் வெட்டினாலும், ஒன்றும் ஆகாமல் மயிரிழையில் தப்பினாலும் என் மேசைக்கு வருகிறார்கள். சொல்வதையெல்லாம் எழுதி முடித்தபிறகு உடனே கையெழுத்துக் கேட்பதில்லை. பேனாவை மூடாமல் வைத்துக்கொண்டு, வேற என்ன என்று கேட்கிறேன். ஒன்றுமில்லை என்பார்கள். நான் காத்திருக்கிறேன். முதலாளி எட்டிப் பார்ப்பார், பாட்டில்கள் தேங்கும், பெண்கள் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் காத்திருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் எதிரே இருக்கிறவர் ஒருமுறை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மெதுவாகச் சொல்லத் தொடங்குவார்.